சின்னக் கைக்குப் பெரிய கிளாரினெட்

“டீச்சர், எனக்கு இது வராது. நான் டிரம்முக்கே போயிடறேன்.”

ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி கிளாரினெட்டை என் மேசைமேல் வைத்துவிட்டு இப்படிச் சொன்னாள். அவளுடைய தாத்தா பேண்டு செட்டில் கிளாரினெட் வாசிப்பவர். முகூர்த்த நாள்களில் அவர் எடுத்துச் செல்லும் அதே கருவியைத்தான் மற்ற நாள்களில் இவள் பள்ளிக்குக் கொண்டுவருவாள். ஸ்வர ஞானம் நன்றாக உண்டு, மூச்சும் போதும். ஆனால் கீழ்ஸ்தாயிக்கு இறங்கினாலே ‘கீச்’ என்று கத்தும். வகுப்பு சிரிக்கும்.

“கை வளரட்டும், இரண்டு வருஷம் கழித்துப் பார்க்கலாம்” என்று சொல்ல வாயெடுத்தேன். இசை ஆசிரியராக இதற்கு முன் பலரிடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். அவர்களில் ஒருவர்கூடத் திரும்பி வந்ததில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. “நாளைக்கும் எடுத்துட்டு வா, பார்த்துட்டு முடிவு பண்ணலாம்” என்றேன்.

கருவி ஏன் சிரமம் தருகிறது?

நாம் வழக்கமாகப் பார்க்கும் பி ஃபிளாட் கிளாரினெட் சுமார் 66 செ.மீ. நீளம், ஏறத்தாழ முக்கால் கிலோ எடை கொண்டது. அந்த எடையின் பெரும்பகுதியை வலது கட்டைவிரல் தாங்குகிறது. சாக்ஸபோனில் துளைகளை மூடிகள் மூடும். கிளாரினெட்டில் முன்பக்கம் ஆறு துளைகளையும் பின்பக்கம் ஒன்றையும் விரலின் சதைதான் மூட வேண்டும். மயிரிழை இடைவெளி இருந்தாலும் காற்று கசிந்து ஒலி கீச்சிடும். இதற்கு மேல், ‘கீ’ என்று வாத்தியக்காரர்கள் சொல்லும் உலோகச் சாவிகளையும் இயக்க வேண்டும். வலது சுண்டுவிரலுக்கு மட்டும் நான்கு கீகள் உள்ளன.

விரல் காட்டிய தடயம்

மறுநாள் ஒரு எளிய சோதனை செய்தோம். ஆறு துளைகளையும் மூடச் சொல்லி, பத்து எண்ணும் வரை சற்று அழுத்திப் பிடித்துவிட்டு விரல்களைக் காட்டச் சொன்னேன். எல்லா விரல்களிலும் முழு வட்டம் பதிந்திருந்தது. அடுத்து அதே நிலையில் சுண்டுவிரலால் கீயையும் தொடச் சொன்னேன். இப்போது மோதிர விரலில் பிறைபோல அரை வட்டம்தான் இருந்தது!

இவ்வளவு நாள் நான் “மோதிர விரலைச் சரியா வை” என்றே அதட்டிக்கொண்டிருந்தேன். பிழை மோதிர விரலில் இல்லை. சுண்டுவிரல் கீயை எட்ட நீளும்போது பக்கத்து விரலையும் துளையிலிருந்து இழுத்துவிடுகிறது. அளவுகோல் வைத்துப் பார்த்தோம். அவளுக்குக் குறைந்தது 6 மில்லிமீட்டர்தான்.

நான் செய்த தவறு

அன்று மாலையே தக்கைத் துண்டு ஒன்றை வெட்டி, வலுவான பசை வைத்துக் கீயின்மேல் ஒட்டிவிட்டேன். விரல் எட்டியது. ஆனால் தக்கை பக்கத்துக் கீயோடு உரசி, இரண்டும் சேர்ந்து இறங்கின. அதைவிடப் பெரிய பிழை, கருவிக்கு உரியவரிடம் நான் கேட்கவில்லை. மறுநாள் முகூர்த்தம். இரவெல்லாம் தாத்தா பிளேடு வைத்துச் சுரண்டியிருக்கிறார்.

மன்னிப்புக் கேட்க வீட்டுக்குப் போனேன். அவர் கோபப்படவில்லை. “சொல்லிட்டுச் செஞ்சிருக்கலாமே டீச்சரம்மா. எனக்குச் சோறு போடறது இதுதான். புள்ளைக்கு என்ன வேணுமோ பண்ணுங்க, ஆனா நான் வாசிக்கறப்போ பழையபடி இருக்கணும்” என்றார்.

அவர் சொன்ன நிபந்தனைதான் சரியான தீர்வைக் காட்டியது.

கழற்றி மாட்டும் தொப்பி

1. கீயின்மேல் செல்லோ டேப்பைச் சுற்றினேன். உலோகப் பூச்சு கெடாமல் இருக்க இது அவசியம்.

2. எம்-சீல் போன்ற இரு பகுதிக் கலவையைப் பிசைந்து, கீயின் விளிம்புகளைச் சற்றே பற்றும்படி தொப்பிபோல் வைத்து, விரல் வரும் பக்கமாக 6 மி.மீ. நீட்டினேன். இதைக் கையுறை அணிந்து ஆசிரியரே செய்ய வேண்டும். மாணவர்களிடம் கொடுக்கக் கூடாது.

3. நன்கு இறுகிய பின் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கினேன். வாசிக்கும்போது மெல்லிய டேப் துண்டு ஒன்று அதைப் பிடித்துக்கொள்ளும்.

4. மூன்றைச் சரிபார்த்தோம்: பக்கத்துக் கீயைத் தொடுகிறதா? அழுத்திவிட்டால் உடனே மேலெழுகிறதா? விரல் சோதனையில் முழு வட்டம் வருகிறதா?

கீயை வளைத்துத் தரவும் முடியும். ஆனால் உடைந்துவிடக்கூடும் என்பதால் அதைப் பழுது பார்ப்பவரிடம்தான் விட வேண்டும்.

கீயைத் தொடும் முன்

செலவில்லாத வழிகளை முதலில் பாருங்கள். நாற்காலியில் உட்கார்ந்து கருவியின் அடிப்பகுதியை முழங்கால்களுக்கு இடையே தாங்கலாம். கட்டைவிரல் தாங்கியில் வளையம் இருந்தால் அதில் நாடா கோத்துக் கழுத்தில் மாட்டலாம். எடை இறங்கினாலே விரல்கள் தளர்ந்து நீளும். கட்டைவிரல், ஆள்காட்டி விரலுக்கு ஏறக்குறைய நேராக வருகிறதா என்று பாருங்கள். வலது சுண்டுவிரலின் நான்கு கீகளில் மூன்றின் வேலையை இடது சுண்டுவிரலும் செய்யும். எட்டாத விரலுக்கு அந்த மாற்று வழியைக் கற்றுக்கொடுக்கலாம். வலி என்றால் அன்றைய பயிற்சியை அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

வாங்க வசதியுள்ள பள்ளிகளுக்குச் சிறிய ஈ ஃபிளாட், சி கிளாரினெட்டுகள் உள்ளன. பிரிட்டனைச் சேர்ந்த கிரஹாம் லயன்ஸ் சிறுவர்களுக்கென்றே எடை குறைந்த பிளாஸ்டிக் சி கிளாரினெட்டை வடிவமைத்தார். துளைகளுக்கு மூடி வைத்த கிளாரினெட்டுகளும் உண்டு. ஆனால் நம் இசைக்கு அவை முழுமையாகப் பொருந்தா. விரலைத் துளைமேல் நகர்த்தித்தான் கமகம் வருகிறது. மேற்கத்தியக் கருவியான கிளாரினெட்டில் கர்நாடக இசையைக் குழைத்துத் தந்து, 2008-ஆம் ஆண்டுக்கான சங்கீத கலாநிதி விருது பெற்ற ஏ.கே.சி. நடராஜனின் வாசிப்பை மாணவர்களுக்குக் கேட்கச் செய்தால் இது எளிதில் விளங்கும்.

தாத்தாவின் கருவியில் கைவைக்கிறோமே என்ற தயக்கம் மாணவிக்கும் இருந்தது. அவளிடம் கிளாரினெட்டின் கதையைச் சொன்னேன். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் நியூரம்பெர்க்கில் டென்னர் செய்தபோது அதில் இரண்டே கீகள். ஒரு நூற்றாண்டுக்குப் பின் இவான் முல்லர் அதைப் பதின்மூன்றாக்கினார். பிறகு பாரிஸில் குளோசே என்ற ஆசிரியரும் பஃபே என்ற கருவி செய்பவரும் சேர்ந்து இன்றைய அமைப்பைக் கொண்டுவந்தனர். “அப்போ எல்லாரும் மாத்திக்கிட்டேதான் இருந்திருக்காங்களா டீச்சர்?” என்று கேட்டாள்.

பிறகு

கீச்சொலி ஒரே நாளில் நிற்கவில்லை. பழைய பழக்கம் போக ஒரு மாதத்துக்குமேல் ஆனது. காலை வணக்கக் கூட்டத்தில் அவள் தமிழ்த்தாய் வாழ்த்தை வாசித்த அன்று ஓரிடத்தில் ஒலி பிசிறியது. யாரும் சிரிக்கவில்லை, அவளும் நிறுத்தவில்லை. முகூர்த்த நாள்களில் தொப்பியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, தாத்தா அதே கருவியோடு கிளம்பினார்.

இப்போது அவள் ஒன்பதாம் வகுப்பு. கை வளர்ந்துவிட்டதால் தொப்பி என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. இந்த ஆண்டு வந்த மாணவன் ஒருவனுக்கு எட்டாதது வேறொரு கீ. அவனுக்கு அந்தத் தொப்பி பொருந்தாது, மறுபடி அளவெடுக்க வேண்டும். இந்த முறை அளவெடுப்பதற்கு முன்பே கருவிக்கு உரியவரிடம் பேசிவிட்டேன்.

இசை வகுப்பு இல்லாத ஆசிரியர்களுக்கும் இந்த அனுபவம் உதவலாம். இடது கைப் பழக்கமுள்ள பிள்ளைக்குக் கத்தரிக்கோல், குட்டையான பிள்ளைக்குக் கரும்பலகை, சின்ன விரலுக்குக் கவராயம் என்று எட்டாத கீகள் எல்லா வகுப்பிலும் உண்டு. ஒரு பிள்ளை “எனக்கு வராது” என்றால், அந்தப் பொருளை அவர்கள் கையில் கொடுத்து, எந்த இடத்தில் எட்டவில்லை என்று ஒருமுறை பக்கத்தில் நின்று பாருங்கள்.