புனேயில் பாட்டுக் கேட்க எங்கே போகலாம்?

புனேக்கு வேலைக்கு வரும் நம்மூர்ப் பிள்ளைகள் வீடு பார்த்து, நல்ல இட்லி கிடைக்கும் கடையைக் கண்டுபிடித்த பிறகு கேட்கும் அடுத்த கேள்வி, "லைவ் மியூசிக் எங்கே நல்லா இருக்கும்?" என்பதுதான். சென்னையில் பார் உரிமம் நட்சத்திர ஓட்டலோடும் கிளப்போடும் ஒட்டிக்கொண்டது. அதனால் மேடையும் கோப்பையும் ஒரே கூரையின் கீழ் வேண்டுமென்றால் ஓட்டலுக்குத்தான் போக வேண்டும். புனேயில் தனி உணவகங்களுக்கும் உரிமம் உண்டு. கோரேகாவ் பார்க், கல்யாணி நகர், முண்ட்வா, பாணேர் என்று எங்கு திரும்பினாலும் "இன்று லைவ் பேண்டு" பலகைதான். எதற்குள் நுழைவது?

நான் முதலில் பார்ப்பது கூரையை. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. மொட்டை மாடி, புல்வெளி, மரத்தடி மேடை எல்லாம் இதில் அடங்கும். நிலா வெளிச்சத்தில் கிடார் என்று ஆசைப்பட்டு ஒன்பதரைக்குப் போனால் கடைசி இரண்டு பாட்டுதான் மிஞ்சும். மூடிய அரங்குகளில் ஒலி வெளியே கசியாத வரை நிகழ்ச்சி நீளும். பப் மூடும் நேரம் ஒன்றரை மணி. ஹிஞ்சவடியில் ஏழு மணிக்கு லேப்டாப்பை மூடிவிட்டு நெரிசலில் நகரைத் தாண்டி வருகிறவர்கள் வார நாளில் மூடிய இடத்தையே பார்க்கட்டும். திறந்தவெளியைச் சனி, ஞாயிறுக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஜாஸ்தான் வேண்டும் என்பவர்களுக்கு அதிகத் தேர்வு இல்லை. பல வருடங்களாகச் சொல்லப்படும் பெயர் ஏபிசி ஃபார்ம்ஸ் வளாகத்தில் உள்ள ஷீஷா ஜாஸ் கஃபே. ஈரானியச் சாப்பாடு, கம்பளங்கள், வியாழன் இரவு ஜாஸ் என்பது அதன் அடையாளம். (பெயரைப் பார்த்து ஹூக்கா கேட்காதீர்கள், மகாராஷ்டிரம் 2018லேயே ஹூக்கா பார்லர்களைத் தடை செய்துவிட்டது.) யார் வாசிக்கிறார்கள் என்பதைப் போன் செய்து கேட்டுக்கொண்டு, மேடைக்குப் பக்கத்து மேசையைச் சொல்லி வையுங்கள். சாப்பாடு பரிமாறும் வழியில் உட்கார்ந்தால் பாதி இசை தட்டுச் சத்தத்தில் போய்விடும்.

ஜாஸ் புரியாது என்று தயங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். கச்சேரியில் கல்பனாஸ்வரம் கேட்டுப் பழகிய காது போதும். முதலில் எல்லோரும் சேர்ந்து மெட்டை வாசிப்பார்கள். பிறகு சாக்ஸபோனோ பியானோவோ தனியாகப் புறப்பட்டுப் போகும். தாளக் கணக்கு மட்டும் மாறாது. ஒருவர் முடித்ததும் கைதட்டலாம், அது மரியாதைக் குறைவு அல்ல. கடைசியில் மெட்டுக்குத் திரும்புவார்கள். இந்த இசை நமக்கு அவ்வளவு அந்நியமும் இல்லை. 1935இல் அமெரிக்க ஜாஸ் கலைஞர் லியோன் அபே தன் குழுவோடு பம்பாய் தாஜ் ஓட்டலில் வாசித்த காலத்திலிருந்தே கோவா இசைக்கலைஞர்கள் ஜாஸைப் பிடித்துக்கொண்டார்கள். சிக் சாக்லேட் என்ற டிரம்பெட் கலைஞர் அவர்களில் ஒருவர். அவரைப் போன்றவர்களை இந்திப் படங்களுக்கு அழைத்துவந்த சி. ராமச்சந்திராதான் 1958இல் 'வஞ்சிக்கோட்டை வாலிபன்' படத்துக்கும் இசையமைத்தவர்.

வெள்ளி, சனி இரவுகளில் பெரும்பாலான பப்களில் கிடைப்பது கவர் பேண்டு: நாலு ஆங்கில ராக், எட்டு இந்திப் பாட்டு, நடுவில் யாருக்காவது பிறந்தநாள். நண்பர்களோடு ஆடிப்பாட இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. கேட்பதற்கென்று போனால் தலைவலிதான் மிச்சம். கவர் சார்ஜ் வாங்கினால், அது சாப்பாட்டு பில்லில் கழியுமா என்று வாசலிலேயே கேளுங்கள். சொந்தப் பாட்டுப் பாடும் குழுக்களைக் கேட்க விரும்புகிறவர்கள் இடத்தை விட்டுவிட்டுக் குழுவைப் பின்தொடர்வதே நல்லது. புனேயைச் சேர்ந்த ஈஸி வாண்டர்லிங்ஸ் போன்ற குழுக்கள் தங்கள் நிகழ்ச்சிகளை முன்கூட்டியே அறிவித்துவிடும். 2010இல் என்ஹெச்7 வீக்கெண்டர் விழா தொடங்கியதும் இந்த ஊரில்தான் என்பதால் புதுப் பாட்டுக்குக் காதுகொடுக்கும் கூட்டத்துக்கு இங்கே குறைவில்லை.

எங்கே போனாலும் அடையாள அட்டை கையில் இருக்கட்டும். மகாராஷ்டிரத்தில் பீருக்கு 21 வயது, விஸ்கி வகைகளுக்கு 25. 2024 மே மாதம் கல்யாணி நகரில், குடித்துவிட்டுச் சிறுவன் ஓட்டியதாகச் சொல்லப்பட்ட கார் மோதி இருவர் இறந்த பிறகு வாசலில் வயதுச் சோதனை வெறும் சடங்காக இல்லை. வண்டியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். மெட்ரோ நள்ளிரவுக்கு முன்பே நின்றுவிடும். திரும்ப டாக்ஸிக் காசை எடுத்து வையுங்கள். அனந்த சதுர்த்தசி, ஆஷாட ஏகாதசி போன்ற நாட்களில் மது கிடையாது.

மதுவே வேண்டாம், இசை மட்டும் போதும் என்றால் டிசம்பர் வரை காத்திருக்கலாம். தன் குருவின் நினைவாக இந்துஸ்தானிப் பாடகர் பீம்சேன் ஜோஷி 1953இல் தொடங்கிய சவாய் கந்தர்வ விழா, நம் மார்கழிக் கச்சேரிகள் களைகட்டும் அதே மாதத்தில் நடக்கிறது. ஒரு காலத்தில் விடிய விடிய நடந்தது. இப்போது அதற்கும் பத்து மணிக் கணக்கு உண்டு. என் பணத்தில் ஒரே ஒரு இரவுதான் என்றால் எந்த பப்பையும் விட இதைத்தான் தேர்ந்தெடுப்பேன். பாரதிய பைட்டக் என்ற தரைப் பகுதிக்கு டிக்கெட் விலை குறைவு. மணிக்கணக்கில் சம்மணமிட முடியாதவர்கள் நாற்காலிக்குக் கொடுத்துவிடுங்கள். புனேயின் டிசம்பர் மாலை குளிரும், சால்வையும் எடுத்துக்கொள்ளுங்கள்.