புளியரை தாண்டும் முன்னே

தறியை விட்டுவிட்டு துபாய்க்கும் சவுதிக்கும் போன பிள்ளைகள் எங்கள் சங்கரன்கோவில் தெருவில் உண்டு. கொரோனாவால் 2020 மார்ச் 23 அன்று நின்ற வழக்கமான பன்னாட்டு விமானங்கள் 2022 மார்ச் 27 அன்றுதான் மீண்டும் பறந்தன. இடையில் ஓடியவை பெரும்பாலும் வந்தே பாரத், ஏர் பபிள் விமானங்கள். அந்த இரண்டு வருடமும் அந்தப் பிள்ளைகளுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தவன் நான். இன்னொரு தொற்று வந்தால் செயலிகளின் பெயர் மாறும். செய்ய வேண்டிய வேலைகளின் வரிசை பெரிதாக மாறாது.

முதல் வேலை பெயர். நம் ஊரில் சிக்கலே இதில்தான். ஆதாரில் பெயரும் ஓர் இனிஷியலும் இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக நீளும். ஆதாரைக் காட்டித் தடுப்பூசி போட்டால் சான்றிதழில் இனிஷியல்தான் வரும். இதற்காகவே ஒரு தம்பியை போர்டிங் கவுண்ட்டரில் நிறுத்திவிட்டார்கள். டிக்கெட் பணம் போனது, விசா முடிய ஒன்பது நாள்தான் மிச்சம். அன்று ராத்திரி அவன் அம்மா போனில் அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. ஆகவே ஊசி போடப் போகும்போதே பாஸ்போர்ட்டை அடையாள அட்டையாகக் காட்டுங்கள். தடுப்பூசிப் பதிவுத் தளமான கோவின் அதை ஏற்றுக்கொண்டது. 2021 ஜூன் முதல் சான்றிதழில் பாஸ்போர்ட் எண்ணையும் சேர்க்க வழி செய்தது. வெளிநாட்டு வேலைக்கோ படிப்புக்கோ போகிறவர்கள் கோவிஷீல்டு இரண்டாம் ஊசியை 84 நாள் காத்திராமல் 28 நாளிலேயே போட்டுக்கொள்ளவும் அப்போது அனுமதி வந்தது. தெரியாமல் காத்திருந்தவர்கள் பலர். எந்த ஊசி என்பதும் முக்கியம்: கோவாக்சினை உலக சுகாதார நிறுவனம் 2021 நவம்பர் 3 அன்றுதான் அங்கீகரித்தது. போகிற நாடு எதை ஏற்கிறது என்று கேட்டுவிட்டுக் கையை நீட்டுங்கள்.

அடுத்து விதிகள். போகும் நாடு, இடையில் இறங்கும் நாடு, விமான நிறுவனம் என மூவரின் விதியையும் அவரவர் இணையதளத்திலேயே பாருங்கள். வாட்ஸ்அப்பில் வந்ததை நம்பிப் பணம் கட்டாதீர்கள். சவுதிக்கு நேரே போக முடியாத காலத்தில் நேபாளத்தில் 14 நாள் தங்கிப் போனார்கள். 2021 ஏப்ரல் இறுதியில் நேபாளம் அந்த வழியை மூடியது. மூன்றாம் நாடு வழியாகப் போகச் சொல்லும் ஏஜென்ட்டிடம், வழி அடைபட்டால் பணம் திரும்பும் என்று எழுத்தில் வாங்குங்கள்.

நமக்கு முதல் எல்லை விமான நிலையம் இல்லை, கேரள எல்லையிலுள்ள புளியரை சோதனைச் சாவடி. திருவனந்தபுரத்தில் விமானம் ஏற கேரளாவின் ஜாக்ரதா பாஸ் வேண்டியிருந்தது. திரும்பி வர தமிழ்நாட்டு இ-பாஸ். கார் டிரைவருக்கும் பாஸ் இருக்கிறதா என்று முந்தைய நாளே பாருங்கள். மதுரையில் ஏறினால் இந்த எல்லைத் தொல்லை இல்லை, ஆனால் நீங்கள் போகும் ஊருக்கு அங்கிருந்து விமானம் இருக்க வேண்டும்.

இனி நேரக் கணக்கு. 2021 ஆகஸ்டில் துபாய் திறந்தபோது 48 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்டி-பிசிஆர், அதில் க்யூஆர் கோடு, அதற்கும் மேல் விமான நிலையத்திலேயே ரேபிட் பிசிஆர் என்று எல்லாம் கேட்டார்கள். நேரம் ஓடத் தொடங்குவது சளி மாதிரி கொடுத்த நிமிடத்திலிருந்து. ரிசல்ட் வந்த நேரத்திலிருந்து இல்லை. வெள்ளி இரவு 10 மணிக்கு விமானம் என்றால் புதன் இரவு 10-க்குப் பிறகு கொடுத்த மாதிரிதான் செல்லும். வியாழன் காலை கொடுங்கள், வெள்ளி காலைக்குள் ரிசல்ட் வாங்குங்கள், மதியத்துக்கு முன் வண்டி ஏறுங்கள். மாதிரி எடுக்கும் இடத்திலேயே பாஸ்போர்ட் எண்ணை எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். டிக்கெட் போடும் முன் அந்த விமான நிலையத்தில் ரேபிட் பிசிஆர் உண்டா என்றும் கேளுங்கள்.

ஊர் திரும்புவதற்கும் படிவம் இருந்தது. அதன் பெயர் ஏர் சுவிதா; 2022 நவம்பர் 22 அன்று அதை நிறுத்தினார்கள். 2020 மே மாதம் வந்த விதிப்படி ஏழு நாள் சொந்தச் செலவில் முகாம், ஏழு நாள் வீட்டுத் தனிமை என்று இருந்தது. அப்படி ஒரு விதி மறுபடி வந்தால் அந்தச் செலவுக்குக் கையில் பணம் வைத்துக்கொள்ளுங்கள்.

தொற்று வரும்வரை காத்திருக்க வேண்டாம். இன்று சாயங்காலமே பாஸ்போர்ட்டையும் ஆதாரையும் அருகருகே வைத்துப் பெயரை ஒத்துப் பாருங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் நாளைக்கே திருத்தப் போய்விடுங்கள்.