மியூஸ்லி: வீட்டிலேயே செய்துகொள்ளும் காலை உணவு

நகரத்துக் கடைகளில் இப்பொழுது ‘மியூஸ்லி’ என்னும் பெயர் தாங்கிய வண்ணப் பெட்டிகள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. நோயற்ற வாழ்வுக்கு ஏற்ற காலை உணவு என்று அவை விளம்பரம் செய்யப்படுகின்றன. இவ்வுணவு எங்கே தோன்றியது, அதில் அடங்கிய பொருள்கள் யாவை, அதைக் காசு கொடுத்துப் பெட்டியில்தான் வாங்க வேண்டுமா என்பவற்றை அங்கத்தினர்கள் அறிந்துகொள்வது நலம்.

தோற்றம்

மியூஸ்லியின் தாயகம் ஸ்விட்ஸர்லாந்து. அந்நாட்டின் ஜூரிச் நகரில் மருத்துவராக விளங்கியவர் டாக்டர் மாக்ஸிமிலியன் பிர்ஷர்-பென்னர் (1867-1939). மலைநாட்டு இடையர்கள் உண்டுவந்த எளிய உணவு ஒன்றைக் கண்டு, அதைப் பின்பற்றி 1900-ஆம் ஆண்டையொட்டித் தம் நோயாளிகளுக்கு ஓர் உணவை அமைத்தார். 1904-இல் ஜூரிச் மலைச்சரிவில் அவர் நிறுவிய ஆரோக்கிய நிலையத்தில் அவ்வுணவு நாள்தோறும் பரிமாறப்பட்டது. ஸ்விஸ்-ஜெர்மன் பேச்சில் ‘மூஸ்’ என்பது மசியலைக் குறிக்கும். ‘மியூஸ்லி’ என்றால் சிறு மசியல் என்பது பொருள்.

டாக்டரின் முறை வருமாறு: ஒரு மேஜைக்கரண்டி ஓட்ஸை மூன்று மேஜைக்கரண்டித் தண்ணீரில் 12 மணி நேரம் ஊறவைத்தல் வேண்டும். அதனுடன் ஒரு மேஜைக்கரண்டி எலுமிச்சைச் சாறும், ஒரு மேஜைக்கரண்டி டப்பாப் பாலும் சேர்க்க வேண்டும். பின்னர் ஒரு பெரிய ஆப்பிளைத் தோலுடன் அதிலேயே துருவி, உடனே கலக்க வேண்டும். மேலே ஒரு மேஜைக்கரண்டி பொடித்த பாதாம் அல்லது ஹேஸல் கொட்டையைத் தூவ வேண்டும். துருவிய ஆப்பிள் காற்றுப்பட்டால் கறுக்கும். எலுமிச்சையின் புளிப்பு அதைத் தடுக்கிறது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தானியம் ஒரு கரண்டிதான், பழமே பிரதானம். இன்றைய பெட்டிகளிலோ இம்முறை தலைகீழாகிவிட்டது. தானியம் பெரும்பகுதியாகவும், உலர்ந்த பழம் சிறிதளவாகவும் இருக்கின்றன. பலவற்றில் சர்க்கரையோ தேனோ எண்ணெயோ சேர்த்து வறுத்திருக்கிறார்கள். பெயர் ஒன்றே, பொருள் வேறு.

சமைக்காத உணவில் சூரியனின் சக்தி தங்கியிருக்கிறது என்பது டாக்டரின் கொள்கை. விஞ்ஞானம் அதை ஏற்கவில்லை. ‘வைட்டமின்’ என்னும் சொல்லே 1912-இல்தான் வழக்குக்கு வந்தது. ஆயினும் அவர் வற்புறுத்திய பழமும், தவிடு நீக்காத தானியமும், கொட்டை வகைகளும் உடலுக்கு நன்மை தருவன என்பதை இன்றைய ஆராய்ச்சி ஒப்புகிறது. ஓட்ஸிலுள்ள கரையும் நார்ப்பொருள் இரத்தத்தின் கொழுப்புச் சத்தைக் குறைக்க உதவுகிறது.

செய்முறை

ஒரு குடும்பத்துக்குத் தேவையான உலர்ந்த கலவையைப் பின்வருமாறு தயாரிக்கலாம்:

ஓட்ஸ் அவல் – 500 கிராம்
வறுத்துத் தோல் நீக்கி உடைத்த நிலக்கடலை – 100 கிராம்
உலர்ந்த திராட்சை – 75 கிராம்
வறுத்த எள் – 25 கிராம்

மொத்தம் 700 கிராம். ஒருவருக்கு ஒரு வேளைக்கு 35 கிராம் வீதம் 20 வேளைக்கு வரும். நால்வர் உள்ள குடும்பத்துக்கு 5 நாள்.

கடலையும் எள்ளும் நன்கு ஆறிய பின்னரே ஓட்ஸுடன் கலக்க வேண்டும். சூடு இருந்தால் டப்பாவினுள் ஈரம் கோத்துக் கலவை கெட்டுவிடும். பூஞ்சணம் பிடித்த கடலையை ஒருபோதும் சேர்க்கலாகாது. அதிலுள்ள நஞ்சு வறுத்தாலும் நீங்குவதில்லை. எண்ணெய் வித்துக்கள் நாளடைவில் சிக்கு வாடை அடையுமாதலால், ஒரு மாதத்துக்கு மேற்படாத அளவே செய்துவைப்பது உத்தமம்.

உண்ணும்போது, ஒரு பங்கு கலவையைக் காய்ச்சி ஆறிய பாலிலோ, கடைந்த தயிரிலோ அரை மணி நேரம் ஊறவிட வேண்டும். நம் நாட்டு வெப்பத்தில், குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் இரவெல்லாம் ஊறவைப்பது தகாது, புளித்துவிடும். ஊறிய பின் பழத்தை நறுக்கிச் சேர்க்கவும். ஆப்பிள்தான் வேண்டும் என்பதில்லை. கொய்யா, பப்பாளி, வாழை எதுவாயினும் தானியத்தைவிடப் பழம் மிகுதியாக இருக்கட்டும். பழத்தின் இனிப்பே போதும், சர்க்கரை வேண்டுவதில்லை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கடலையைப் பொடித்தே தர வேண்டும்; முழுக் கடலை தொண்டையில் அடைக்கும். நீரிழிவு உள்ளவர்கள் உலர்ந்த திராட்சையை நீக்கிவிடலாம்.

ஓட்ஸ் குளிர்நாட்டுப் பயிர். நம் நாட்டில் வடபகுதிகளில் பெரும்பாலும் கால்நடைத் தீவனமாகவே பயிரிடப்படுகிறது. அதை ஆவியில் வேகவைத்துத் தட்டையாக்கி விற்பதால்தான் மீண்டும் சமைக்காமல் உண்ண முடிகிறது. நம் அவலும் ஊறவைத்து, வறுத்து, இடித்துத் தட்டையாக்கப்படுவதே. ஆகவே ஓட்ஸில் பாதிக்குச் சிவப்பரிசி அவலைச் சேர்க்கலாம். ஓட்ஸின் கரையும் நார் அரிசியில் இல்லை என்பதை மட்டும் நினைவிற் கொள்க. கம்பு, சோளம் இவற்றையும் அவலாகவோ பொரியாகவோ சேர்க்கலாம். பச்சை மாவாகச் சேர்க்கலாகாது.

வரவு செலவு

பெட்டியின் விலையில் தானியத்தின் விலை மட்டுமன்றி, அட்டை, விளம்பரம், இடைத்தரகர் லாபம் யாவும் அடங்கியுள்ளன. வீட்டில் கலந்தால் கொடுக்கும் பணம் பொருளுக்கே போகிறது. பத்துக் குடும்பங்கள் சேர்ந்து கடலையும் எள்ளும் பழமும் விளைவிக்கும் அங்கத்தினரிடமே வாங்கினால், வாங்குவோருக்கும் விளைவிப்போருக்கும் ஒருங்கே நன்மை உண்டு. மியூஸ்லி பிறந்த நாட்டிலும் இவ்வழி புதிதன்று. 1925-இல் வண்டிகளில் பண்டம் விற்கத் தொடங்கிய மிக்ரோ என்னும் நிறுவனம் 1941-இல் கூட்டுறவாக மாறி, இன்றும் அங்கத்தினர்களுடையதாகவே விளங்குகிறது.

பெட்டியை வாங்க நேர்ந்தாலும் அதன் மேலுள்ள அச்செழுத்தைப் படித்தே வாங்குக. சேர்மானங்கள் எடையில் மிகுந்தது முதலாக வரிசைப்படுத்தப்பட்டிருக்கும். சர்க்கரை முன்னிடத்தில் இருந்தால் அது காலை உணவன்று, மிட்டாயே. சேர்க்கப்படும் சர்க்கரை நாளொன்றுக்குச் சுமார் 25 கிராமுக்குள் இருப்பது நலம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2015-இல் கருத்துரைத்தது.

படிப்பு வட்டத்துக்குரிய வினாக்கள்

1. டாக்டரின் முறையிலும் கடைப் பெட்டியிலும் பழத்துக்கும் தானியத்துக்கும் உள்ள விகிதம் யாது?
2. கடைப் பெட்டியின் விலையை அதன் எடைகொண்டு வகுத்து, 35 கிராமின் விலையைக் காண்க. மேற்கண்ட கலவையின் விலையையும் அவ்வாறே கணக்கிட்டு ஒப்பிடுக.
3. நம் ஊரில் எந்த மாதத்தில் எந்தப் பழம் மலிவாகக் கிடைக்கிறது? பட்டியல் ஒன்று தயாரித்து அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவருக.