சுருட்டுக்கு வீட்டில் மணமேற்றும் முறை

திருச்சிராப்பள்ளிச் சுருட்டின் பெயர் ஒரு காலத்தில் கடல் கடந்தும் வழங்கிற்று. 1887ஆம் வருஷம் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில், துப்பறிபவர் தரையில் கிடந்த சாம்பலைப் பார்த்தே அது திருச்சிராப்பள்ளிச் சுருட்டின் சாம்பல் என்று நிச்சயிக்கிறார். உறையூரில் கையால் சுற்றப்பட்ட அச்சுருட்டுகளுக்கு வேண்டிய இலை திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்தது. அவ்வூரை அடுத்த வேடசந்தூரில் 1948ஆம் வருஷம் சுருட்டுப் புகையிலைக்கென ஓர் ஆராய்ச்சி நிலையமும் ஏற்பட்டது.

சுருட்டுகளை வாங்கி, வீட்டிலேயே அவற்றிற்கு மணமேற்ற விரும்புவோர் உளர். பன்னீரையோ அத்தரையோ நேரே தெளித்து, இரண்டொரு வாரத்தில் கட்டு முழுவதும் பூஞ்சணம் பூத்ததைக் கண்டு வருந்துவோரும் உளர். அந்நஷ்டத்தைத் தவிர்க்கும் வழியை இங்கே கூறுவோம்.

1. இலையின் சொந்த மணம்

வெயிலில் காய்ந்த புகையிலையைப் போராக அடுக்கினால் உள்ளே சூடு பிறக்கும். போரைப் பிரித்து, மேலிலை உள்ளும் உள்ளிலை மேலுமாக மாற்றி அடுக்க அடுக்க, இலையிலுள்ள அம்மோனியா நெடி நீங்கிக் காரம் அடங்கி மணம் திரளும். இப்பதம் பெறாத இலைக்கு எவ்வாசனையைச் சேர்த்தும் பயனில்லை; நெடியும் வாசனையும் கலந்து முன்னினும் கேடாகும். ஆகையால், முதலில் சுருட்டை முகர்ந்து பார்க்க வேண்டும். மூக்கைத் துளைக்கும் நெடி இருப்பின், மணமேற்றாமல் சில மாதம் மூடிவைத்து ஆறவிடுவதே நலம்.

2. மணமேற்றும் முறை

எள்ளையும் மல்லிகையையும் அடுக்கடுக்காகப் பரப்பி வைத்தால் எள் பூவின் மணத்தைத் தானே வாங்கிக்கொள்ளும். புகையிலைக்கும் அக்குணம் உண்டு. ஆகவே வாசனைப் பொருள் சுருட்டைத் தொடவேண்டுவதில்லை. இரண்டும் ஒரே காற்றில் இருந்தால் போதும்.

இறுக மூடக்கூடிய பீங்கான் ஜாடி ஒன்றைக் கொள்க. ஊறுகாய் வைத்த ஜாடி உதவாது. அடியில் ஒரு சிறு கிண்ணத்தில் ஏலம், இலவங்கப்பட்டை, உலர்ந்த வெட்டிவேர் இவற்றுள் ஒன்றை மட்டும் வைத்து, மேலே மூங்கில் தட்டிட்டு அதன்மேல் சுருட்டுகளைப் பரப்புக. இருபத்தைந்து சுருட்டுக்குப் பத்து கிராம் போதுமானது. பச்சை ஆரஞ்சுத் தோலில் ஈரம் மிகுதியாதலால் நன்கு உலர்ந்த தோலையே உபயோகிக்க வேண்டும். இரண்டு நாட்களுக்கொரு முறை திறந்து பார்த்து, மூன்று வாரத்திற்குள் வெளியில் எடுத்து, வேறு பெட்டியில் ஒரு வாரம் ஆறவிடுக. புது விதையைச் சிறு பாத்தியில் சோதிப்பதுபோல, முதன்முறை மூன்று சுருட்டுகளோடு நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம்.

3. ஈரமும் வண்டும்

ஜாடியினுள் காற்றின் ஈரம் நூற்றுக்கு 65 முதல் 70 வரை இருத்தல் தகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் நடுவிலுள்ள ஸ்ரீரங்கத்தில் ஈரம் மிகுந்து பூஞ்சணம் பிடிக்கும். அப்பொழுது இவ்வேலையைத் தொடங்கலாகாது. சித்திரை வெயிலிலோ இலை முறுகி உடையும். அன்றியும் வெப்பத்தில் சுருட்டு வண்டின் முட்டை பொரித்து, ஊசி குத்தியதுபோல் துளைகள் தோன்றும். துளை கண்ட சுருட்டுகளை அகற்றி, மற்றவற்றைக் காற்றுப் புகாத உறையிலிட்டு, குளிர்ப்பெட்டியின் உறைபனி அறையில் மூன்று நாளும், பின்பு கீழறையில் ஒரு நாளும் வைத்தெடுத்தால் வண்டின் தொல்லை ஒழியும்.

4. மறக்கக் கூடாதவை

வாசனை எண்ணெய், ஊதுவத்தி வாசனை, சென்ட் முதலியன எரியும்போது எவ்வாறு மாறும் என்பதை வீட்டில் அறிய இயலாது, அவற்றை விலக்குக. கிராம்பையும் இங்கே சேர்த்தோமில்லை. அதிலுள்ள யூஜினால் என்னும் சத்து தொண்டையை மரக்கச் செய்யும். காரம் தெரியாதாயினும் உட்செல்லும் புகை குறைவதில்லை.

ஈரப் புகையிலையை வெறுங்கையால் நெடுநேரம் கையாண்டால் நிக்கோட்டின் தோல் வழியே உடலிற் சேர்ந்து தலைசுற்றலும் வாந்தியும் உண்டாகும். எனவே, இலையை நனைத்துச் சுற்றும் குடும்பத்தார் கையுறை அணிவதோடு, சிறுவரையும் கர்ப்பிணிகளையும் அவ்வேலையினின்று விலக்கி வைத்தல் அவசியம்.

கடைசியாக ஒன்று. மணம் சுருட்டின் வாசனையை மாற்றுமேயன்றி அதன் கேட்டை மாற்றாது. சுருட்டுப் புகை வாய், தொண்டை, நுரையீரல் ஆகியவற்றில் புற்றுநோயை விளைவிப்பது ஐயமற நிலைநாட்டப்பட்டுள்ளது. இனிய மணம் இளைஞரைப் புகைக்கு இழுக்கும் என்பது கருதியே, அமெரிக்காவில் 2009ஆம் வருஷத்துச் சட்டம் மெந்தால் நீங்கலான வாசனைச் சிகரெட்டுகளைத் தடுத்தது. நம் நாட்டில் 2003ஆம் வருஷத்துச் சட்டப்படி பதினெட்டு வயது நிரம்பாதவருக்குப் புகையிலைப் பொருள் விற்றல் குற்றமாகும். எனவே மணமேற்றிய ஜாடியைப் பிள்ளைகளின் கைக்கும் கண்ணுக்கும் எட்டாத இடத்தில் வைப்பது வீட்டாரின் கடமை. சுருட்டு பிடிக்கும் பழக்கமில்லாதவர், மணத்தின் பொருட்டு அதைத் தொடங்காதிருப்பதே உத்தமம்.