நிரனிறையும் எண்ணணியும்

க. பொ. த. உயர்தர மாணவர் பயிலும் பைதன் என்னுங் கணினிமொழியை எடுத்துக்கொள்வோம். மூவர் முதற்றாளிற் பெற்ற புள்ளிகள் 32, 41, 27. இரண்டாந் தாளில் 40, 35, 48. இவற்றை இரு பட்டியல்களாக எழுதி இடையிற் கூட்டற்குறி இட்டால் மொத்தம் வாராது. ஆறெண் கொண்ட ஒரு நெடும்பட்டியலே வரும். பிழையென்று கணினி வாய்திறவாது, அஞ்சத்தக்கது அதுவே. பட்டியலுக்குக் கூட்டலாவது ஒன்றன்பின் ஒன்றைத் தொடுத்தலேயாம்.

இக்குறையை நீக்குவது திராவிசு ஒலிபன்ற் ஆக்கிய ‘நம்பை’ என்னுந் துணைநிரல். அதன் 1.0 ஆம் பதிப்பு 2006 இல் வெளிவந்தது. அவ்வெண்களையே நம்பை அணிகளாக்கிக் கூட்டின் 72, 76, 75 எனப் பெறுவோம். முதலோடு முதலும், இடையோடு இடையும், கடையோடு கடையுஞ் சேர்தலின், நன்னூல் பயின்ற நாம் இதனை நிரனிறை என்றே சொல்லிவிடலாம். அணியோடு 5 என்னும் ஓரெண்ணைக் கூட்டினாலோ, அது தீவகம்போல எல்லா உறுப்பினுஞ் சென்று பொருந்தும். மூவெண்ணணியோடு ஈரெண்ணணியைக் கூட்டப் புகின் கணினி மறுத்துவிடும். நிரனிறையிலும் ஒருபுறம் எண்ணுக் குறையின் பொருள் முடியாதன்றோ?

பெருக்கற்குறியும் உறுப்புக்கு உறுப்பாகவே பெருக்கும். கணிதவாசிரியர் கற்பிக்குந் தாயப் பெருக்கத்துக்கு வேறு குறியுண்டு.