நிலப்படத்தை வினவும் முறை

1896-இல் பம்பாயில் பிளேக் நோய் பரவியது. அதன் விளைவாக 1898-இல் நிறுவப்பெற்ற நகர மேம்பாட்டு டிரஸ்ட், நகர நெரிசலைக் குறைக்கும் பொருட்டுத் தாதர், மாதுங்கா பகுதிகளில் புதிய மனைகளை வகுத்தது. 2020-இல் கொரோனா பரவியபோது, மாநகராட்சியின் ஜி-வடக்கு வார்டில் அடங்கிய தாதர், மாஹிம், தாராவி ஆகிய மூன்றுக்கும் நோயாளர் தொகை தனித்தனியே வெளியிடப்பட்டது. ஒரு வீடு எவ்வெல்லைக்குள் அடங்கும் என்பதை அறியாமல் இத்தகைய கணக்கை எடுக்க இயலாது. இதனைக் கணிப்பொறி அறியும் முறை எளியது.

கணிப்பொறியில் நிலப்படத்தை நிழற்படம் போல நுண்ணிய நிறக் கட்டங்களாகச் சேமிக்கலாம். அன்றி, புள்ளி, கோடு, பலகோணம் என்னும் உருவங்களின் ஆயத்தொலைகளாகவும் சேமிக்கலாம். பின்னையது வெக்டர் முறை எனப்படும். இம்முறையில் வீடு ஒரு புள்ளி. இருப்புப்பாதை ஒரு கோடு. தாதரின் எல்லை ஒரு பலகோணம்.

வீட்டைக் குறிக்கும் புள்ளியிலிருந்து ஏதேனும் ஒரு திசையில் முடிவின்றி ஒரு நேர்கோடு செல்வதாகக் கொள்க. அக்கோடு எல்லையை ஒற்றைப்படை எண்ணிக்கையில் வெட்டினால் வீடு உள்ளேயும், இரட்டைப்படையில் வெட்டினால் வெளியேயும் உள்ளது. எல்லை எவ்வளவு கோணலாக இருப்பினும் இவ்விதி பொருந்தும்.

எனினும், வரைவதற்கென அமைந்த கோப்பு இதற்கு முழுதும் போதாது. 2001-இல் தரநிலையாக அறிவிக்கப்பெற்ற எஸ்.வி.ஜி. கோப்பும் வெக்டர் வகையினதே. ஆயின், அதன் எண்கள் பொதுவாகப் படத்தாளின் அளவுகளைக் குறிப்பனவேயன்றிப் பூமியின் இடங்களை அல்ல. மேலும், அதில் செங்குத்து அளவு கீழ்நோக்கி வளர்கிறது. அட்சரேகையோ வடக்கு நோக்கி வளர்கிறது. 2016-இல் தரப்படுத்தப்பெற்ற ஜியோஜேசன் அமைப்பில் தீர்க்கரேகையும் அட்சரேகையும், ஒவ்வோர் உருவத்திற்கும் உரிய பெயர் முதலிய விவரங்களும் ஒருங்கே இடம்பெறுகின்றன.

தொலைவை வினவும்போது மற்றொரு கவனம் வேண்டும். தாதர் அமைந்துள்ள 19 பாகை அட்சரேகையில், ஒரு பாகை வடக்கு-தெற்காகச் சுமார் 111 கிலோமீட்டரும் கிழக்கு-மேற்காகச் சுமார் 105 கிலோமீட்டரும் ஆகும். ஆகவே, ரயில் நிலையத்திலிருந்து 500 மீட்டருக்குள் உள்ள வீடுகளை அறிய, முதலில் பாகைகளை மீட்டராக மாற்றுதல் அவசியம்.

கணிப்பு எத்துணைத் திருத்தமாயினும், எல்லைக்கோடு சில மீட்டர் பிழைபட்டால், நெருங்கிய குடியிருப்புகளில் பல வீடுகள் தவறான கணக்கில் சேர்ந்துவிடும். அப்பிழையைக் கணிப்பொறி தானே அறியாது. நேரில் சென்று அளந்தே அதனைத் திருத்த வேண்டும்.