கூரையை உற்றுநோக்குவோம்

மழைக்காலத்துக்கு முன், எட்டாம் வகுப்பு மாணவர்களிடம் வீட்டு ஓட்டுக்கூரையைக் கவனித்துவரச் சொன்னேன். மேலே ஏறாமல் தரையில் நின்றே பார்க்க வேண்டும். மூன்று கேள்விகள் தந்தேன்: தெருவிலிருந்து பார்த்தால் முகடு தொய்ந்துள்ளதா? கைமரத்துக்கு அடியில் மரத்தூள் உதிர்ந்துள்ளதா? சுவரில் கரையான் மண்கோடு மேலேறுகிறதா?

மூன்றுக்கும் ‘ஆம்’ என்று எழுதியிருந்தாள் ஒரு மாணவி. ஆண்டுதோறும் ஒழுகும் இடத்தில் ஓடு மட்டும் மாற்றிவந்தார்களாம். அன்று மாலையே பெற்றோரைச் சந்தித்தேன். தச்சர் வந்து தட்டிப்பார்த்தார். கைமரங்கள் உள்ளே உளுத்துக் கிடந்தன. மழைக்கு முன்பே கூரையைப் பிரித்துவிட்டார்கள்.

ஓடு உடைந்தால் ஓடு மாற்றலாம். மரம் உளுத்தால் கூரையையே மாற்ற வேண்டும்.

இப்போது அட்டவணையில் நான்காவது கேள்வியும் உண்டு: ‘கண்டதை யாரிடம் சொன்னாய்?’ உங்கள் வகுப்பிலும் செய்துபாருங்கள்.